எத்தனை நிமிடம், எத்தனை குடம்?

2025 ஜூன் மாதம் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் 'சேலஞ்ச்' என்ற ஆய்வின் முடிவு வெளிவந்தது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோதெரபியும் முடித்த 889 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மூன்று ஆண்டுகள் முறையான உடற்பயிற்சி வழிகாட்டல் கிடைத்தது. மற்றக் குழுவுக்கு உடல்நலக் குறிப்புகள் அடங்கிய கையேடு மட்டும். எட்டாம் ஆண்டில் பயிற்சிக் குழுவில் 90.3 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். மற்றக் குழுவில் 83.2 சதவீதம். ஒரு மருந்து இந்த அளவு வித்தியாசத்தைக் காட்டியிருந்தால் அதன் விலை லட்சங்களில் இருந்திருக்கும்.

பயிற்சிக் குழுவுக்கு வைக்கப்பட்ட இலக்கு, வாரத்துக்குக் கூடுதலாக 10 மெட்-மணி. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவழிக்கும் ஆற்றலை ஒரு மெட் என்கிறார்கள். சாதாரண வேகத்தில் நடக்க ஏறக்குறைய மூன்று மெட் ஆகும். மூன்று மணி நேரம் நடந்தால் ஒன்பது மெட்-மணி. சரி, ஒருவர் இந்த வாரம் எத்தனை மெட்-மணி உழைத்தார் என்று எப்படித் தெரியும்? அவரையே கேட்டார்கள். ஞாபகப்படுத்திச் சொல்லச் சொன்னார்கள். கூடவே ஆறு நிமிட நடைச் சோதனையும் டிரெட்மில் சோதனையும் வைத்திருந்ததால், சொன்ன பேச்சுக்கு உடலும் சாட்சி சொன்னது.

இருபது ஆண்டுக்கு முந்தைய புகழ்பெற்ற ஆய்வில் அந்தச் சாட்சி கிடையாது. 2005-இல் அமெரிக்கச் செவிலியர்களிடம் நடந்த ஆய்வு அது. மார்பகப் புற்றுநோய் வந்த 2,987 பேரில், வாரத்துக்கு 9 முதல் 15 மெட்-மணி வரை உழைத்தவர்களுக்கு அந்நோயால் இறக்கும் அபாயம், மூன்று மெட்-மணிக்கும் குறைவாக உழைத்தவர்களோடு ஒப்பிட்டால், பாதியாக இருந்தது. உலகம் முழுக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் "வாரம் மூன்று மணி நேரமாவது நடங்கள்" என்று சொல்லும் அறிவுரைக்கு இந்த ஆய்வு பெரிய பின்பலம். அந்த ஒன்பது மெட்-மணியை எந்தக் கருவியும் அளக்கவில்லை. ஓய்வு நேரத்தில் வாரத்துக்குச் சராசரியாக எவ்வளவு நடந்தீர்கள், ஓடினீர்கள், சைக்கிள் மிதித்தீர்கள் என்ற கேள்விகளுக்குச் செவிலியர்கள் எழுதிக்கொடுத்த பதிலிலிருந்து கூட்டிப் போட்ட கணக்கு அது.

இப்படி நினைவை நம்பி நிற்கும் கணக்கு காரைக்குடிப் பக்கத்து ஒரு பெண்ணிடம் வந்து நிற்கும்போது என்ன ஆகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

முதலில் நம்பகம் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். ஆய்வாளர்கள் இதில் இரண்டு சங்கதிகளைத் தனித்தனியாக வைக்கிறார்கள். இன்றைக்குக் கேட்ட கேள்வியைப் பத்து நாள் கழித்துக் கேட்டாலும் அதே பதில் வருகிறதா என்பது ஒன்று, அது நம்பகத்தன்மை. வந்த பதில் உண்மையில் நடந்ததோடு ஒத்துப்போகிறதா என்பது இன்னொன்று, அது ஏற்புடைமை. ஒரே பொய்யை இரண்டு முறை சொன்னாலும் முதல் சோதனையில் தேறிவிடலாம். பெரும்பாலான வினாத்தாள்கள் முதல் சோதனையில் நன்றாகவே தேறுகின்றன, இரண்டாவதில் தடுமாறுகின்றன. 12 நாடுகளில் சோதிக்கப்பட்டு 2003-இல் வெளியான பன்னாட்டு உடலுழைப்பு வினாத்தாளுக்கு மறுகேள்வி ஒப்புமை 0.8 அளவில் இருந்தது. இடுப்பில் கட்டிய அசைவுமானியோடு ஒப்பிட்டபோது அது 0.3. ஒன்று என்றால் முழு ஒப்புமை, சுழியம் என்றால் தொடர்பே இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வினாத்தாள் இந்தியா உட்பட ஒன்பது நாடுகளில் சோதிக்கப்பட்டு 2009-இல் வெளியான முடிவும் இதே கதைதான்: மறுகேள்வியில் 0.67 முதல் 0.81 வரை, கருவியோடு 0.06 முதல் 0.35 வரை.

நம் ஊருக்கென்று ஒரு வினாத்தாள் வேண்டும் என்று சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் ஒன்றை உருவாக்கினார்கள். 543 பேரிடம் சோதித்து 2015-இல் வெளியிட்டார்கள். மறுகேள்வியில் 0.82. அசைவுமானியோடு ஒப்பிட்டபோது 0.5-க்குச் சற்றுக் கீழே. வெளிநாட்டு வினாத்தாள்களைவிட இது குறிப்பிடத்தக்க முன்னேற்றம். இந்தியர்கள் செய்யும் வேலைகளைப் பெயர் சொல்லிக் கேட்டதன் பலன் இதில் பெருமளவு இருக்கிறது என்பது என் கருத்து.

மனிதர்கள் தங்கள் உழைப்பைக் கூட்டிச் சொல்கிறார்கள் என்பது மேற்கத்திய ஆய்வுகளின் பொதுவான குறை. 2005–06 அமெரிக்க தேசியக் கணக்கெடுப்பில், பரிந்துரைத்த அளவுக்கு உடற்பயிற்சி செய்வதாகச் சொன்னவர்கள் 62 சதவீதம். கருவி காட்டியது 10 சதவீதத்துக்கும் கீழே. இந்தக் குறை நம் ஊரிலும் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொண்டு, சொன்னதில் பாதியைக் கழித்துவிடலாம் என்று நினைப்பது பெரிய தவறு. சிவகங்கை மாவட்டத்தின் ஒரு கிராமத்தில் நடக்கக்கூடிய உரையாடல் ஒன்றை வைத்துப் பார்க்கலாம். ஆள் கற்பனை, பேச்சு இந்தப் பக்கத்துப் பேச்சு.

கல்லல் பக்கம் ஒரு வீடு. ஐம்பது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர். மூன்று வருஷத்துக்கு முன்பு மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை, அக்குளில் நெறிகட்டிகளும் எடுக்கப்பட்டிருக்கின்றன. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாக வரும் தன்னார்வலர் அதே ஊர்ப் பெண், முறைக்கு மருமகள்.

"அயித்தே, போன வாரத்துல எத்தன நாளு, எத்தன நிமிசம் உடம்பு அலுக்குற மாதிரி வேல பாத்தீக?"

"வேலையா? நான் எங்கத்தா வேல பாக்குறேன். இந்தக் கைய வச்சுக்கிட்டு என்னத்தப் பாக்குறது. சும்மாதான் ஒக்காந்திருக்கேன்."

தாளில் சுழியம் விழுகிறது. எழுதிவிட்டு எழுந்திருக்காமல் அந்தப் பெண் இன்னும் கொஞ்சம் கேட்கிறாள்.

"தண்ணி யாரு தூக்குறா?"

"நாந்தான். நாலு கொடம் ஊருணித் தண்ணி, பொழங்க ஆறு கொடம் பைப்புத் தண்ணி. முன்னயெல்லாம் இடுப்புல ஒண்ணு, தலையில ஒண்ணு. இப்ப ஒண்ணொண்ணாத்தான்."

"ஆடு?"

"ரெண்டு கெடக்கு. அதுகளுக்குக் கொழ ஒடிச்சுப் போடணும்ல."

"கள எடுக்கப் போகலயா?"

"நம்ம வயலுக்குப் போனேன். மத்தவுக வயலுக்குக் கூப்பிட மாட்டாக, ஒடம்பு சரியில்லாத ஆளுன்னு. நம்ம துண்டு ரெண்டு நாளையில முடிஞ்சிருச்சு."

ஒரு நொடி முன்பு சுழியமாக இருந்தவர் இவர்தான். அவர் பொய் சொல்லவில்லை, மறக்கவும் இல்லை. பத்துக் குடத்தை எண்ணிச் சொன்னவருக்கு மறதி என்று எப்படிச் சொல்வது? குடத்தின் எண்ணிக்கை நினைவில் இருக்கிறது; நிமிடம் இல்லை. ஏனென்றால் அவர் அதை நிமிடத்தில் செய்யவே இல்லை. அறுவை சிகிச்சைக்கு முன்பு ஒரு நடைக்கு இரண்டு குடம் தூக்கியவர் இப்போது ஒன்று தூக்குகிறார் என்றால் தூரம் இரண்டு மடங்கு ஆகியிருக்கிறது, சுமை பாதியாகியிருக்கிறது. நோய்க்குப் பிந்தைய உடலைப் பற்றி இதைவிடத் துல்லியமான தகவலை ஒரு வினாத்தாள் எங்கே வாங்கப்போகிறது? ஆனால் அதைப் போடுவதற்குத் தாளில் கட்டமே இல்லை.

நினைவில் தங்கும் அலகு என்று நான் சொல்வது இதைத்தான். குடம், நடை, படி, சுற்று, ஆள் வேலை, அரை ஆள் வேலை. கோயிலுக்கு நேர்ந்துகொண்டு பிராகாரம் சுற்றியவரிடம் எத்தனை நிமிடம் நடந்தீர்கள் என்றால் விழிப்பார். எத்தனை சுற்று என்றால் தயங்காமல் சொல்வார். நேர்த்திக்கடனில் எண்ணிக்கை தவறக்கூடாது என்பதால் அது பிசகாமல் பதிந்திருக்கிறது. சுற்றின் நீளத்தை ஆய்வாளர் ஒரு முறை நடந்து அளந்துகொண்டால் போதும். ஊருணிக்கும் அடுப்படிக்கும் இடையே உள்ள தூரமும் அப்படித்தான். மாற்றிக் கணக்கிடும் வேலை கேட்பவருடையது. இப்போதுள்ள வினாத்தாள்கள் அந்த வேலையை நோயிலிருந்து எழுந்து வந்தவர் தலையில் வைக்கின்றன. அவர் மனதிலேயே கூட்டி, பெருக்கி, ஏழால் வகுத்து ஒரு சராசரி சொல்ல வேண்டியிருக்கிறது. பிழை அங்கேதான் பிறக்கிறது.

பழைய விதி ஒன்றும் இதோடு சேர்ந்துகொண்டது. உலக சுகாதார நிறுவனத்தின் வினாத்தாள், தொடர்ந்து பத்து நிமிடமாவது செய்த வேலையை மட்டும் சொல்லும்படி கேட்டது. வீட்டு வேலை பத்து நிமிடம் தொடர்ந்து ஓடுவது அபூர்வம். வாசல் கூட்டி, பாதியில் பால்காரர் வந்து, உள்ளே போய், திரும்பி வந்து கோலம் போட்டு முடிப்பதற்குள் நாலு துண்டாகிவிடும். 2020-இல் அந்த நிறுவனம் வெளியிட்ட புதிய வழிகாட்டலில் பத்து நிமிட நிபந்தனை எடுக்கப்பட்டது. புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்கான பரிந்துரையும் அதில்தான் சேர்க்கப்பட்டது. அதற்கு முன்பு எடுத்த கணக்கெடுப்புகளில் விழாமல்போன நிமிடங்களை இனித் திரும்ப எடுக்க வழியில்லை.

செவிலியர் ஆய்வின் ஓய்வுநேரக் கேள்விகளை அப்படியே கல்லலுக்கோ தேவகோட்டைக்கோ கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடமே ஆதாரம் உண்டு. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் 14,227 பேரிடம் எடுத்து 2014-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வில், 90 சதவீதத்துக்கும் மேலானவர்கள் ஓய்வுநேர உடற்பயிற்சி எதுவும் செய்யாதவர்கள். அந்த அளவுகோலில் நம் பெண்கள் ஏறக்குறைய எல்லோரும் கடைசி வரிசையில் போய் நிற்பார்கள், வயலில் நிற்பவரும் சரி, டிவி முன்னால் உட்கார்ந்திருப்பவரும் சரி. எல்லோருக்கும் ஒரே மதிப்பெண் கொடுக்கும் அளவுகோல், யாருக்கு உழைப்பு உதவியது என்று கண்டுபிடிக்க ஒரு பயனும் தராது.

இதுவரை சொன்னது நலமாக இருப்பவர்களுக்கும் பொருந்தும். புற்றுநோய் வந்து போன உடலுக்கு இதற்கு மேலும் சில சிக்கல்கள் உண்டு. அவற்றில் முதலாவது, நோய் வந்தவர் தன் பழைய நாட்களை வேறுவிதமாகத் தேடுகிறார் என்பது. எனக்கு ஏன் வந்தது என்ற கேள்வி அவரை விடாது. அந்தக் கேள்வியோடு திரும்பிப் பார்க்கும்போது சில நினைவுகள் துருத்திக்கொண்டு நிற்கும், சில ஒதுங்கும். மார்பகப் புற்றுநோயும் உடலுழைப்பும் பற்றித் தென்னிந்தியாவில் நடந்த முக்கியமான ஆய்வு, 2002 முதல் 2005 வரை திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் நடந்தது. நோயுள்ள 1,866 பெண்களையும் இல்லாத 1,873 பெண்களையும் ஒப்பிட்டார்கள். நகரம், கிராமம் இரண்டையும் பார்த்தார்கள். 2009-இல் முடிவு வெளிவந்தது: உழைப்பு கூடியவர்களிடம் அபாயம் குறைவு என்ற திசையில்.

இந்த ஆய்வை நான் மதிக்கிறேன். இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் நம் பெண்களைக் கேட்டறிந்த வேலை அதிகம் இல்லை. ஆனால் இந்த வகை ஆய்வு எதுவாக இருந்தாலும் ஒரு கேள்வி கூடவே வரும். நோய் வந்த பெண் மருத்துவமனையில் இருந்துகொண்டு, களைத்த உடம்போடு, தன் முந்தைய உழைப்பை நினைக்கிறார். அருகில் நோயில்லாத பெண் அதே கேள்விக்கு இயல்பாகப் பதில் சொல்கிறார். இரண்டு பேரும் ஒரே அளவு தவறினால் பெரிய ஆபத்து இல்லை. உண்மையான தொடர்பு இருப்பதைவிடக் கொஞ்சம் மெலிந்து தெரியும், அவ்வளவுதான். ஒருவர் கூட்டியும் ஒருவர் குறைத்தும் சொன்னால் இல்லாத தொடர்பு முளைக்கும், இருக்கும் தொடர்பு மறையும். நினைவின் பிழை எவ்வளவு என்பதைவிட, அது யார் பக்கம் சாய்கிறது என்பதுதான் ஆய்வாளரின் தூக்கத்தைக் கெடுக்க வேண்டிய விஷயம்.

சாய்வு எப்படி வருகிறது என்பதை உளவியலாளர்கள் கான்வேயும் ராஸும் 1984-இல் அழகாகக் காட்டினார்கள். படிப்புத் திறனை வளர்க்கும் ஒரு பயிற்சியில் மாணவர்களைச் சேர்த்து, தொடங்கும்போது அவர்கள் திறனை அவர்களையே மதிப்பிடச் சொன்னார்கள். பயிற்சி முடிந்ததும், அன்றைக்கு என்ன எழுதினீர்கள் என்று கேட்டார்கள். தாங்கள் எழுதியதைவிட மோசமாக எழுதியதாக மாணவர்களுக்கு நினைவு. மதிப்பெண் ஒன்றும் ஏறவில்லை. ஆனாலும் பயிற்சியால் மாறியிருப்போம் என்ற நம்பிக்கை, பழைய நிலையைக் கீழே இறக்கிவிட்டது. புற்றுநோய்க்கு முன், பின் என்று வாழ்க்கையை வெட்டிப் பார்க்கிறவரிடம் இது இன்னும் பலமாக வேலை செய்யும். "அப்பவெல்லாம் நான் மாடு மாதிரி உழைச்சேன்" என்பது உண்மையாக இருக்கலாம். இப்போதைய இயலாமை தீட்டிய பழைய படமாகவும் இருக்கலாம்.

வேலையின் கடுமையை மூச்சை வைத்துக் கேட்பது இன்னொரு சிக்கல். மூச்சு வாங்க வைத்தால் கடும் உழைப்பு, லேசாக வாங்கினால் நடுத்தரம். கீமோதெரபிக்குப் பிறகு பேருந்து நிறுத்தம் வரை நடந்தாலே மூச்சு வாங்குகிறது. முன்பு நடுத்தரம் என்று சொன்ன அதே நடையை இப்போது கடும் உழைப்பு என்கிறார். மெட் கணக்கில் அது நான்கிலிருந்து எட்டாக ஏறிவிடுகிறது. அவர் நடந்த தூரம் குறைந்திருக்கும். தாளில் உழைப்பு கூடியிருக்கும்.

வீட்டாருடைய பங்கும் உண்டு. நேர்காணல் நடக்கும் திண்ணையில் கணவரோ மகனோ மருமகளோ பெரும்பாலும் இருப்பார்கள். அமெரிக்காவில் உடற்பயிற்சி செய்வது பெருமை. அதனால் கூட்டிச் சொல்கிறார்கள். இங்கே நோயாளியை வேலை செய்ய விடுவது வீட்டுக்கு இழுக்கு. மருமகள் காதில் விழும்படி "நான்தான் தண்ணி தூக்குறேன்" என்று மாமியார் சொன்னால் அது வேறு பேச்சாகிவிடும். ஆகவே "எல்லாம் அவ பாத்துக்கிறா" என்று முடித்துக்கொள்வார். நம் பக்கத்தில் பிழை கீழ்நோக்கிச் சாய்வதற்கு இது பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். தனியாக ஒரு முறை, வீட்டார் முன்னால் ஒரு முறை கேட்டு இரண்டையும் ஒப்பிட்டால் அந்தச் சாய்வின் அளவே கிடைத்துவிடும்.

அறுவை சிகிச்சை நடந்த கையில் பாரம் தூக்காதே என்ற பழைய எச்சரிக்கையும் பதிலை மாற்றுகிறது. நிணநீர் தேங்கிக் கை வீங்கிவிடும் என்று பல ஆண்டுகளாகப் பெண்களைப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். கைவீக்கம் உள்ள 141 பெண்களை வைத்து நடத்தி 2009-இல் வெளியான அமெரிக்க ஆய்வு, படிப்படியாக எடை தூக்கப் பழகியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை என்று காட்டியது. அந்தச் செய்தி கிராமத்துக்கு இன்னும் சரியாக வந்து சேரவில்லை. தூக்கக்கூடாது என்று சொன்ன மருத்துவமனைக்காரர்களிடமே தூக்குகிறேன் என்று யார் ஒப்புக்கொள்வார்கள்?

சரி, ஞாபகத்தை விட்டுவிட்டு எல்லோர் இடுப்பிலும் கருவியைக் கட்டிவிட்டால் என்ன? தரை ஓடு வார்க்கும் ஆத்தங்குடிக்குப் போய்ப் பார்க்கலாம். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டைக் கரண்டியால் அறைஅறையாக ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் நிரப்பித் தட்டிச் சமன்செய்கிறவர் இடத்தை விட்டு அதிகம் நகர்வதில்லை. தோளும் மணிக்கட்டும் நாள் முழுக்க உழைக்கின்றன. இடுப்பில் உள்ள அசைவுமானி அவர் உட்கார்ந்திருந்தார் என்றே பதியும். அம்மியில் அரைப்பதும் துணி துவைப்பதும் குனிந்த வாக்கில் களை பறிப்பதும் அப்படித்தான். குடத்தோடு நடந்தாலும் வெறுங்கையோடு நடந்தாலும் அதற்கு ஒரே நடை. செட்டிநாட்டுப் பெரிய வீட்டில் இது தலைகீழாகும். தெருவுக்குத் தெரு நீளும் வீட்டில் முகப்புக்கும் அடுப்படிக்குமாக நடக்கும் ஆச்சி, "வீட்டோடதான் கெடக்கேன், எங்க நடக்குறேன்" என்பார். கருவி அவருக்கு நல்ல மதிப்பெண் போடும். ஆகவே கருவியோடு ஒத்துப்போகாத நினைவெல்லாம் பிழை என்று தீர்ப்பு எழுதுவது சரியில்லை. நினைவுக்கு எட்டாத இடத்தைக் கருவியும், கருவிக்கு எட்டாத இடத்தை நினைவும் பார்க்கின்றன. 0.3, 0.4 என்று வந்த எண்களில் எவ்வளவு நினைவின் தவறு, எவ்வளவு கருவியின் குருடு என்று பிரிக்காமல் நினைவின் மேலேயே முழுப் பழியையும் போடுகிறோம்.

நினைவுக்கு உதவி செய்து கேட்டால் அது எவ்வளவு தூரம் நிற்கும் என்பதற்குக் கனடாவில் ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. கிறிஸ்டீன் ஃபிரீடன்ரைக்கும் அவருடைய குழுவினரும் வாழ்நாள் முழுவதற்குமான உடலுழைப்பைக் கேட்கும் வினாத்தாளை 1998-இல் வெளியிட்டார்கள். எடுத்த எடுப்பில் உழைப்பைக் கேட்பதில்லை. முதலில் வாழ்க்கைக் காலண்டர் ஒன்றை நிரப்பச் சொல்கிறார்கள்: எங்கே படித்தீர்கள், எப்போது கல்யாணம், குழந்தைகள், எந்தெந்த ஊரில் குடியிருந்தீர்கள். அந்த ஆணிகளில் பிறகு வேலையை மாட்டுகிறார்கள். 115 பெண்களிடம் மறுபடியும் கேட்டபோது மொத்த உழைப்புக்கு ஒப்புமை 0.74, வீட்டு வேலைக்கு 0.77, தொழிலுக்கு 0.87. முழு ஆயுளைப் பற்றிய நினைவு இவ்வளவு நிலையாக நிற்கிறது என்பது எனக்கு ஆச்சரியமாகவே இருந்தது. பெயர் உள்ள வேலைதான் நன்றாக நிற்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

சிவகங்கை மாவட்டத்துக்கு அந்தக் காலண்டரை எழுதினால் ஆணிகள் ஏராளம். 2006 பிப்ரவரியில் நூறு நாள் வேலைத் திட்டம் தொடங்கியபோது தமிழ்நாட்டில் முதலில் வந்த ஆறு மாவட்டங்களில் சிவகங்கையும் ஒன்று. ஒரு பெண்ணின் உழைப்பு வரலாற்றில் அது தெளிவான கோடு. 2011-இல் தொடங்கி அரசு கொடுத்த மிக்ஸியும் கிரைண்டரும் வந்த வருஷம் இன்னொரு கோடு. அதற்கு முன்பு ஆட்டுக்கல், அதற்குப் பின்பு சுவிட்ச். வீட்டுக்கு முதலில் கேஸ் அடுப்பு வந்தது, தெருவுக்குக் குழாய் வந்தது, 2018 நவம்பரில் கஜா புயல், 2020-இல் ஊரடங்கு. இவற்றுக்கு நடுவே சிகிச்சையின் கோடுகள்: கட்டி தெரிந்த நாள், ஆபரேஷன், முடி கொட்டிய காலம், முடி திரும்ப வந்த காலம். ஆண்டு தெரியாதவர்களுக்கும் இவை தெரியும்.

ஆண்டுக்குள்ளே மாதம் முக்கியம். வழக்கமான ஒரு வாரத்தைச் சொல்லுங்கள் என்று கேட்கிறார்கள். மானாவாரிப் பூமியில் வழக்கமான வாரம் எது? புழுதி விதைப்பு ஒரு வாரம், ஐப்பசி கார்த்திகையில் களை, தையில் அறுப்பு, மாசி பங்குனியில் மாரியம்மனுக்குப் பால்குடம், சித்திரை வெயிலில் நிழலைத் தேடி உட்காரும் வாரங்கள். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடக்கும் நகரத்தார் பாதயாத்திரையில் போனவருக்குச் சில நாட்களில் ஏறும் மெட்-மணியை வேறு சில மாதங்கள் முழுவதும் கூட்டினாலும் வராது. வினாத்தாளில் அது தொழிலா, பயணமா, பொழுதுபோக்கா? மூன்றிலும் சேராது. இந்த மூன்று கட்டத்தோடு நான்காவதாக நேர்த்திக்கடனுக்கும் ஒரு கட்டம் போட்டால்தான் எங்கள் பக்கத்துக்குச் சரியாக வரும்.

நினைவைச் சரிபார்க்க ஒரு பழைய காகிதமும் இங்கே உண்டு. நூறு நாள் வேலையின் அட்டையிலும் வருகைப் பதிவேட்டிலும் எந்த வாரம் எத்தனை நாள் போனார் என்று இருக்கிறது. அந்தப் பெண்ணின் வாய்மொழிக் கணக்கையும் பதிவேட்டுக் கணக்கையும் அருகருகே வைத்தால், எத்தனை மாதம் வரைக்கும் நினைவு பிசகாமல் நிற்கிறது, எங்கிருந்து தேய்கிறது, சிகிச்சை நடந்த மாதங்களில் தேய்மானம் அதிகமா என்றெல்லாம் தெரிந்துவிடும். எவ்வளவு மண் வெட்டினார் என்பதைப் பதிவேடு சொல்லாது. எத்தனை நாள் போனார் என்பதையாவது சொல்லும். அதுவும் அவர் நோயாளி ஆவதற்கு முன்பே, ஆய்வு என்ற நினைப்பே இல்லாமல் எழுதப்பட்டது. நோய்க்குப் பிந்தைய மனம் அதைத் தொட்டுத் திருத்தியிருக்க முடியாது. பணம் கொடுத்தாலும் கிடைக்காத சான்று அது.

கேட்கும் இடமும் நாளும்கூடப் பதிலை மாற்றும். புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கு இந்தப் பக்கத்திலிருந்து மறுபரிசோதனைக்குப் போகிறவர்கள் உண்டு. பல்லவன் ரயிலில் ஏறிச் சென்னை போக வேண்டும். அதற்கு முந்திய வாரம் பணம் புரட்டுவது, ஆட்டை யாரிடமாவது விடுவது, ரிப்போர்ட்டுகளைத் தேடுவது என்று போய்விடும். மருத்துவமனை வரிசையில் வைத்து "கடந்த ஏழு நாளில்" என்று கேட்டால், ஆண்டிலேயே வழக்கத்துக்கு மாறான ஏழு நாளைப் பற்றித்தான் கேட்கிறோம். மதுரைக்குப் போகிறவருக்கும் இது பொருந்தும். கேள்வியை ஊரில் வைத்து, களை நடக்கும் மாதத்தில் ஒன்றும் வெயில் மாதத்தில் ஒன்றுமாகக் கேட்க வேண்டும்.

இதற்கு வேண்டிய ஆட்கள் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். சிவகங்கையில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்வியியல் கல்லூரி இருக்கிறது. குடம் சுமந்து நடக்கவும் ஓடு வார்க்கவும் எத்தனை மெட் ஆகும் என்று நம் பெண்களையும் ஆண்களையும் வைத்தே அளந்து பட்டியல் போட அவர்களால் முடியும். இப்போது பயன்படும் மெட் பட்டியல்கள் பெரும்பாலும் வேறு உடல்களில், வேறு வேலைகளில் அளந்தவை. வீட்டுக்கு வரும் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள்; முறை சொல்லிக் கூப்பிட்டுப் பேசக்கூடிய அவர்களைவிட நல்ல நேர்காணலாளர் வெளியிலிருந்து வரப்போவதில்லை. கேள்வியை எப்படிக் கேட்பது என்று மட்டும் பழக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. நோய் உறுதியான முதல் சந்திப்பிலேயே, சிகிச்சை தொடங்குமுன், அந்த மாதத்து வேலைகளை நோயாளியின் கோப்பில் ஒரு பக்கத்தில் எழுதிவைத்துவிடலாம்: என்ன வேலை, எத்தனை, எந்த மாதம். தண்ணீர் பத்துக் குடம், கார்த்திகை. களை ஆறு ஆள் வேலை, கார்த்திகை. மூன்று வருஷம் கழித்து அவரைக் கேட்கும்போது, அவர் நினைவை அவருடைய பேச்சோடேயே ஒப்பிட்டுப் பார்க்க அந்த ஒரு பக்கம் போதும். அதே பக்கத்தைப் பார்த்து மருத்துவரும், "வாரம் மூன்று மணி நேரம் நடங்கள்" என்று பொதுவாகச் சொல்லி அனுப்பாமல், இப்போது எட்டுக் குடம் ஆகட்டும், மாசிக்குள் பத்துக்கு வரலாம் என்று சொல்லலாம்.